கிளந்தான் கடற்கரையில் ஓர் இரவு

தருமபுரி மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாக ஓங்கி நிற்பது வத்தல்மலை. சாமையும் கேழ்வரகும் காப்பியும் மிளகும் விளையும் அம்மலையில் வாழ்வோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள். பெயர் மலையாளி என்றிருப்பினும் அவர் பேசும் மொழி தமிழே. அம்மலையின் அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றிற் பிறந்தவன் யான். இன்று கொண்டையூசி வளைவுகளையுடைய சாலை மலைமேல் ஏறிச் செல்கின்றது. யான் சிறுவனாக இருந்த நாளில் அங்கு ஒற்றையடிப் பாதையே உண்டு.

எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோவிலிற் பாரதக் கூத்து நடைபெறும்போது, மலைமக்கள் பந்தம் ஏந்தி வரிசையாக இறங்கி வருவர். இருளில் அவ்வொளி வரிசை அசைந்து வருவதைக் கண்டதும் சிறுவர்களாகிய எங்களுக்கு உறக்கம் பறந்துவிடும். விடியுமளவும் கூத்து நிகழும். அவ்விரவுகளை யான் நெடுங்காலம் மறந்திருந்தேன். கடல் கடந்த ஒரு நாட்டிலே, வேற்று மொழி பேசுவோர் நடுவிலே, அவை மீண்டும் என் நினைவிற்கு வந்தன. அவ்வரலாற்றையே இங்குக் கூறப்போகின்றேன்.

பணியினின்று ஓய்வு பெற்றபின், மலேசியாவில் வாழும் உறவினரைக் காணச் சென்றேன். அங்கே தமிழன்பர் ஒருவர், “ஐயா, கோலாலம்பூரை மட்டும் கண்டு திரும்புதல் போதாது. மலாய் மக்களின் பழைய வாழ்வைக் காண விரும்பினால் கிளந்தானுக்கு வாருங்கள்” என்று அழைத்தார். கிளந்தான் என்பது மலேசியத் தீபகற்பத்தின் வடகிழக்கு மூலையில், தாய்லாந்தின் எல்லையை ஒட்டித் தென்சீனக் கடலோரம் அமைந்த மாநிலம். அதன் தலைநகர் கோத்தா பாரு. மலாய் மக்களே அங்குப் பெரும்பான்மையினர். தெற்கே கெமாசிலிருந்து காடுகளையும் குன்றுகளையும் ஊடுருவிச் சென்று துப்பாட் என்னும் கடற்கரையூரில் முடியும் இருப்புப்பாதை 1931இல் நிறைவுற்றது. அதற்கு முன்னர், மேற்குக் கரையினின்று கிளந்தானுக்குச் செல்வது எளிதன்று. மலையும் காடும் அரண்செய்தமையாற்போலும், பழைய கலைகள் பல அங்கே தங்கி நின்றன.

கிளந்தானுக்கு வடக்கே, எல்லைக்கு அப்பால் உள்ளது பட்டாணிப் பகுதி. இலங்காசுகம் என்னும் பழைய அரசு அங்கே இருந்ததென்பர் அறிஞர். முதலாம் இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவிற் கடாரத்தின்மேற் கப்பற்படை செலுத்திய செய்தியைக் கூறும் தஞ்சைப் பெரிய கோவிற் கல்வெட்டு, அவன் வென்ற ஊர்களுள் இலங்காசோகத்தையும் மலையூரையும் எண்ணுகின்றது. எனவே இக்கடற்கரை தமிழர்க்குப் புதியதன்று. படைகள் வந்து மீண்டன. அவற்றினும் மிகுதியாக வணிகர் வந்து தங்கினர்.

வணிகர் விட்டுச்சென்ற சொற்களைக் கோத்தா பாரு நகரின் அங்காடியிலே கேட்டேன். சீதி கதீஜா அங்காடி எனப் பெயர் பெற்ற அதில் விற்போருட் பெரும்பாலோர் பெண்கள். காய்கனிகளும் மீனும் கருவாடும் குவித்து, நடுவே அவர்கள் அமர்ந்திருக்கும் காட்சி கண்ணைக் கவர்வது. நெத்திலி மீனை உப்பிட்டு ஊறவைத்துச் செய்யும் ‘பூடு’ என்னும் குழம்பையும், சங்குப்பூவின் சாற்றால் நீலநிறம் பெற்ற சோற்றையும் அங்கே கண்டேன். மலாய் மொழியிற் கடையைக் ‘கெடாய்’ என்கின்றனர். கப்பலைக் ‘காப்பால்’ என்கின்றனர். பெட்டி ‘பெத்தி’, கட்டில் ‘காத்தில்’, மாம்பழம் ‘மெம்பெலாம்’, குளம் ‘கோலாம்’. மீன்பிடிப்போரை அவர்கள் ‘நெலாயான்’ என்பர். அச்சொல், நெய்தல் நில மக்களைக் குறிக்கும் ‘நுளையர்’ என்னும் நம் சொல்லினின்று பிறந்ததென்று சொல்லாராய்ச்சியாளர் கருதுவர்.

மாலையிற் கடற்கரைக்குச் சென்றோம். வண்ணந் தீட்டிய படகுகள் மணலில் நின்றன. பாய்மரத்தைத் தாங்கும் கட்டையையும் பறவை வடிவிலும் நாக வடிவிலும் செதுக்கி அழகு செய்வது அம்மக்களின் பழைய வழக்கம். மேலே நிலவு வடிவுடைய பெரும் பட்டம் ஒன்று பறந்தது. அதன் தலையிற் கட்டிய வில்லின் நாண் காற்றில் அதிர்ந்து ஓயாமல் முரன்றது. நவம்பர் முதல் வீசும் வடகிழக்குப் பருவக்காற்று நமக்கு மழை தருவதுபோலவே அக்கரைக்கும் பெருமழை தரும். அப்பொழுது படகுகள் கரையேறும். ஆறு பெருகி ஊர்களிற் புகுவதும் உண்டு. 2014ஆம் ஆண்டின் இறுதியில் வந்த பெருவெள்ளத்தை அங்குள்ளோர் இன்றும் அச்சத்தோடு நினைவுகூர்கின்றனர்.

அன்றிரவு வாயாங் கூலிட் என்னும் நிழற்கூத்தைக் கண்டேன். ‘கூலிட்’ என்றால் தோல். ஆகவே, இது நம் தோற்பாவைக் கூத்தின் இனமே. வெள்ளைத் திரைக்குப் பின்னே விளக்கு எரிந்தது. மாட்டுத்தோலிற் செதுக்கி வண்ணந் தீட்டிய பாவைகளை வாழைத்தண்டிற் செருகி வைத்திருந்தனர். ‘தாலாங்’ எனப்படும் கூத்தாசான் ஒருவரே எல்லாப் பாவைகளையும் ஆட்டினார். ஒருவரே அரசனாகவும் அரக்கனாகவும் நங்கையாகவும் குரல் மாற்றிப் பேசினார். பின்னே செருனாய் என்னும் குழல் ஒலித்தது. முழவும் தொங்கு மணியும் தாளமும் உடன் முழங்கின.

கதை யாது என்று எண்ணுகின்றீர்கள்? இராமகாதையே! பச்சை நிறத்துடன் தோன்றியவன் சீரி ராமா. சிவந்த நிறத்தினன் லக்சமானா. பகைவன் மகாராஜா வானா, அதாவது இராவணன். மலாய் மக்கள் இசுலாமியர். எனினும் அம்மக்கள் இக்கதையைத் தலைமுறை தலைமுறையாகத் தம் வாய்மொழியாகப் போற்றி வந்தனர். இலக்குவன் பெயரே மலாய் மொழியிற் கடற்படைத் தலைவனைக் குறிக்கும் பதவிப் பெயராயிற்று என்பதும் அறியத்தக்கது.

திரையிற் கரிய உருவமொன்று பெருவயிற்றுடன் தள்ளாடி வந்தது. அவன் பெயர் பாக் டோகோல். அவனும் அவன் தோழனாகிய வாக் லோங்கும் அரசனையே கேலி செய்தனர். மக்கள் வயிறு குலுங்க நகைத்தனர். வடமொழிக் கதையில் இவ்விருவரும் இல்லை. கிளந்தான் மக்கள் தாமே படைத்துச் சேர்த்தவர் இவர். அப்பொழுது என் உள்ளம் துணுக்குற்றது. இவன் எங்கள் ஊர்க் கட்டியங்காரன் அல்லனோ! பாண்டவர் அவையிலும் துரியோதனன் அவையிலும் நுழைந்து, ஊர்ப் பேச்சிற் பேசி, எல்லாரையும் சிரிக்க வைப்பவன் அவனே அன்றோ!

கூத்து முடிந்தபின், அன்பரின் துணையோடு அவ்வாசானிடம் உரையாடினேன். முன்னாளில் ஊர்தோறும் நடந்த இக்கூத்து, 1990க்குப் பின் மாநில அரசின் தடைக்கு உள்ளாயிற்று. சமய நெறிக்கு ஒவ்வாத வழிபாட்டுக் கூறுகள் அதில் உள்ளன என்பதே காரணம். மகளிர் தலைமை தாங்கி ஆடிப்பாடும் மாக் யோங் என்னும் நாடகமும் அவ்வாறே தடையுற்றது. அந்நாடகத்தை உலகின் அரிய மரபுச் செல்வங்களுள் ஒன்றென 2005இல் யுனெசுகோ அறிவித்தது. 2019இல் அந்நாடகத்துக்கு இருந்த தடை, சில கட்டுப்பாடுகளோடு தளர்த்தப்பட்டது. ஆயினும் இடைப்பட்ட ஆண்டுகளில் ஆசான்மார் பலர் மறைந்தனர். புகழ்பெற்ற தாலாங்காகிய ஹம்சா அவாங் அமாட் 2001இற் காலமானார்.

“உங்களுக்குப் பின் யார்?” என்று வினவினேன். முதியவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, “யான் ஏடு பார்த்துக் கற்கவில்லை. என் ஆசானுக்குப் பின்னே அமர்ந்து பல ஆண்டுகள் முழவு கொட்டினேன். கேட்டுக் கேட்டுக் கற்றேன். இப்பொழுது என் பேரன் முழவு கொட்டுகின்றான். தடையைக்கூடக் கடந்து வந்துவிட்டோம், ஐயா. கேட்போர் இல்லாத நாள் வந்தால் அதனைக் கடக்க முடியாது” என்றார்.

மாணவர்களே! அச்சொற்கள் என் நெஞ்சைச் சுட்டன. அதன் காரணத்தை மறைக்காமற் கூறுகின்றேன். யான் புலவர் பட்டம் பெற்று ஊர் திரும்பிய காலத்தில், எங்கள் கூத்து வாத்தியார் என்னைத் தேடி வந்தார். அவருக்கு எழுத்தறிவு இல்லை. “புலவரையா, பதினெட்டு நாட் பாரதப் பாட்டும் என் நெஞ்சில் இருக்கிறது. நான் பாடுகிறேன், நீங்கள் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்” என்று வேண்டினார். யானோ அவர் பாட்டில் இலக்கணப் பிழை மிகுதி என்று எண்ணினேன். கொச்சை மொழியை ஏட்டில் ஏற்றுவதா என்று இறுமாந்தேன். “பார்க்கலாம்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சில ஆண்டுகளில் அவர் மறைந்தார். பாட்டின் பெரும்பகுதி அவரோடு போயிற்று. கிளந்தானில் ஒரு கலை தடையால் மெலிந்தது. எங்கள் ஊரில் அதனைத் தடுத்தவர் எவருமிலர். கற்றவன் ஒருவனின் செருக்கே போதுமானதாயிற்று.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக, அவ்வாத்தியாரின் மாணவரைத் தேடிச் சென்றேன். அவரும் முதுமையடைந்துவிட்டார். வீட்டுப் பரணில், கலியாண முருங்கை மரத்திற் கடைந்த கிரீடமும் புசக்கட்டைகளும் துணியிற் சுற்றிக் கிடந்தன. யான் தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு அவர் எதிரே அமர்ந்தேன். அவருக்கு நினைவிருந்தவை சில பகுதிகளே. அவர் பாடினார், எழுதினேன். எந்தச் சொல்லையும் திருத்தவில்லை. மலைமேலிருந்து இரு சிறுவர் வாரந்தோறும் இறங்கிவந்து அவரிடம் அடவு கற்கின்றனர். முகவீணை ஊதக் கற்பவர் இன்னும் கிடைக்கவில்லை.

பிற நாட்டுக்குச் செல்வோர் புதுமையைக் காணலாம், பொருள் ஈட்டலாம். யான் அங்குக் கண்டது என் ஊரை. உங்கள் ஊரிலும் பாட்டறிந்த முதியவர் ஒருவர் இருப்பார். அல்லது கதையறிந்த பாட்டி ஒருவர் இருப்பார். இந்த விடுமுறையில் அவர் எதிரே சென்று அமருங்கள். அவர் வாய் திறக்குமுன் பிழை தேடாதீர்கள். கேளுங்கள், எழுதுங்கள்.

பயிற்சி

1. கிளந்தானிற் பழைய கலைகள் தங்கி நின்றமைக்கு ஆசிரியர் கூறும் காரணம் யாது?
2. தமிழினின்று மலாய் மொழிக்குச் சென்ற சொற்கள் ஐந்தினைக் கூறுக.
3. பாக் டோகோலையும் கட்டியங்காரனையும் ஒப்பிட்டு எழுதுக.
4. “கற்றவன் ஒருவனின் செருக்கே போதுமானதாயிற்று” — இடஞ்சுட்டி விளக்குக.
5. உங்கள் ஊர் முதியவர் ஒருவரிடம் கேட்டறிந்த பாட்டு அல்லது கதை ஒன்றினை, அவர் கூறியவாறே எழுதி வருக.