நம் வீட்டுப் பருவங்கள்

பருவகாலத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் நம்மில் பலர் வசந்தம், பனிக்காலம் என்றே தொடங்குகிறோம். பனி பெய்து நாம் பார்த்ததில்லை. இருந்தும் நம் கட்டுரைகளில் பனி கொட்டிக்கொண்டே இருக்கிறது!

தமிழ் இலக்கணம் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரிக்கிறது. ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். அவற்றை அடுத்து முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என இரண்டிரண்டு மாதங்கள் வரும். இது தமிழகத்து நிலத்தையும் வானத்தையும் பார்த்துச் செய்த பகுப்பு. குவாந்தானில் இருப்பவருக்கு மார்கழி என்றால் பனி அல்ல, மழை. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தான், திரங்கானு, பகாங் மாநிலங்களில் பெருமழையைக் கொண்டு வருகிறது. மேற்குக் கரையில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் பிற்பகல்தோறும் இடியும் மழையும். மே மாத இறுதியிலிருந்து செப்டம்பர் வரை மழை குறைவு. சில ஆண்டுகளில் புகைமூட்டமும் வந்து சேரும். இவற்றுக்கு நடுவே டுரியான் பழுக்கிறது, இரப்பர் மரம் இலை உதிர்க்கிறது, தெகோமா மரம் சாலையெங்கும் பூக்கிறது.

எனவே, முதல் விளையாட்டு பெயர் சூட்டுவதுதான். ஒரு நாள்காட்டியை எடுத்து, வீட்டில் உள்ளவர்கள் ஒன்றாக அமர்ந்து, உங்கள் வீட்டுக்கு எத்தனை பருவம் என்று முடிவு செய்யுங்கள். ஆறாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும், ஏன் அந்தப் பெயர் என்று இரண்டு வரியும் எழுத வேண்டும். 'துணி காயாத மாதங்கள்' என்று ஒருவர் எழுதலாம். 'அப்பா டுரியான் வாங்கிவந்து அம்மாவிடம் திட்டு வாங்கும் காலம்' என்று தங்கை எழுதலாம். இரண்டுமே நல்ல பெயர்கள்.

இந்த விளையாட்டுகளை உங்களுக்காக மட்டும் சொல்லவில்லை. 2020 மார்ச் 18-ஆம் நாள் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது நினைவிருக்கும். அப்போது உங்களில் பலர் தொடக்கப்பள்ளி மாணவர்கள். வகுப்பறை கைப்பேசித் திரைக்குள் சுருங்கியது. கணக்கையும் அறிவியலையும் திரையில் எப்படியோ படித்துவிடலாம். தமிழின் நிலை வேறு. பள்ளியில் மட்டுமே தமிழ் எழுதும் பிள்ளைக்குப் பள்ளி மூடினால் தமிழ் எழுத்தும் மூடிக்கொள்ளும். வெள்ளத்தால் மூடினாலும் புகைமூட்டத்தால் மூடினாலும் இதே நிலைதான். அந்த நாள்களில் வீட்டில் இருக்கும் தம்பி தங்கைக்குத் தமிழாசிரியர் யார்? பெரும்பாலும் நீங்கள்தான்.

மழைக்காலத்தில் ஒரு மழைமானி செய்துகொள்ளுங்கள். பக்கங்கள் நேராக உள்ள ஞெகிழிப் போத்தலின் மேற்பகுதியை வெட்டி, அதைப் புனல்போலத் தலைகீழாகச் செருக வேண்டும். அடியில் கூழாங்கற்களைப் போட்டு, அவை மூழ்கும்வரை நீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழியம் எனக் குறியுங்கள். அங்கிருந்து மேல்நோக்கி ஓர் அளவுகோலை ஒட்டிவிட்டால் போதும். தினமும் ஒரே நேரத்தில் அளவைக் குறித்து, அருகில் ஒரே ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் நீர். அப்படியானால் 60 சதுர மீட்டர் கூரையின்மேல் 25 மில்லிமீட்டர் மழை பெய்த நாளில் 1,500 லிட்டர் நீர் விழுந்திருக்கிறது. ஒன்றரை லிட்டர் போத்தலில் பிடித்தால் 1,000 போத்தல்! 'நேற்று எங்கள் கூரையின்மேல் ஆயிரம் போத்தல் தண்ணீர் விழுந்தது' என்று எழுதும் பிள்ளை, 'நேற்று நல்ல மழை பெய்தது' என்று எழுதும் பிள்ளையைவிட நன்றாக மழையைப் பார்த்திருக்கிறது.

இதனோடு மழைச்சொல் வேட்டையும் ஆடலாம். தூறல், சாரல், தூவானம், அடைமழை, ஆலங்கட்டி மழை எனத் தமிழில் மழைக்குப் பல பெயர்கள் உண்டு. விதி இதுதான்: அந்த வகை மழையைக் கண்ணால் கண்ட பிறகே அதன் பெயரைச் சீட்டில் எழுதி டின்னுக்குள் போடலாம். அகராதியைப் பார்த்து எழுதிப் போட்டால் ஆட்டத்திலிருந்து விலக்கப்படுவீர்கள். காற்று சன்னல்வழி நீர்த்துளிகளை மேசைவரை கொண்டுவந்து தெளிக்கும் நாளில் சாரல் என்ற சொல் தம்பிக்கு வேண்டியிருக்கும்; கேட்டு வாங்கிக்கொள்வான். வெயிலும் மழையும் சேர்ந்து வந்தால் நரிக்குக் கல்யாணம் என்பார்கள். அந்தக் கல்யாணத்துக்கு அழைப்பிதழ் எழுதச் சொல்லுங்கள். மாப்பிள்ளை வீட்டார் யார், விருந்தில் என்ன, குடை கொண்டுவர வேண்டுமா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.

மழையை அழகு என்று மட்டுமே எழுதிப் பழகியவர்கள் தோட்டத்தில் வாழ்ந்த பாட்டியிடம் ஒரு முறை பேசிப் பார்க்க வேண்டும். விடியலில் மழை பெய்தால் பால்மரம் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் மழைநீரோடு வழிந்து வீணாகும். வேலை இல்லாத நாளில் கூலியும் இல்லை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மரம் இலை உதிர்க்கும்போது பாலும் குறையும். ஆக, நம் நாட்டிலும் ஓர் இலையுதிர்காலம் உண்டு. அது அரிசிப் பானையில் தெரிந்த இலையுதிர்காலம். மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள். விடையை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். பெரட்டு, மங்கு, உளி, நிரை, கட்டிப்பால் போன்ற சொற்கள் வந்தால் திருத்தாதீர்கள். பக்கத்தில் பொருள் எழுதி, முடிந்தால் படமும் வரையுங்கள். தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பெரட்டுக்கு நின்ற தலைமுறையும் முதுமை அடைந்துவிட்டது. இந்தச் சொற்களில் பலவற்றை எந்தப் பயிற்றியிலும் நீங்கள் காணமாட்டீர்கள்.

புகைமூட்ட நாள்கள் விளையாட்டுக்கு உகந்தவை அல்ல. 2019 செப்டம்பரில் பல மாநிலங்களில் பள்ளிகளே மூடப்பட்டன. அப்போது சன்னலை மூடிக்கொண்டு செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. தொலைவில் தெரியும் மூன்று பொருள்களைத் தேர்ந்துகொள்ளுங்கள்: எதிர்வீட்டு மாமரம், அடுக்குமாடி, அதற்கப்பால் ஒரு மலை. ஒவ்வொரு நாளும் எது தெரிகிறது, எது மறைந்தது என எழுதுங்கள். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டையும் அருகில் குறியுங்கள். அது 100-ஐத் தாண்டினால் காற்று உடல்நலத்துக்கு ஒவ்வாதது. 300-ஐத் தாண்டினால் ஆபத்தானது. காணாமல் போன மலைக்கு 'காணவில்லை' என்று ஓர் அறிவிப்பும் எழுதலாம்.

பெருநாள் வாழ்த்து அட்டைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அவற்றை எல்லாரும் எழுதுகிறார்கள். 'இனிய வாழ்த்துகள்' என்பதோடு நிறுத்தாமல், பெறுபவருக்கு மட்டுமே புரியும் ஒரு வரியைச் சேர்த்தால் அட்டைக்கு உயிர் வரும்.

ஒரு வேண்டுகோள். தம்பி எழுதியதை முதலில் வாய்விட்டு வாசியுங்கள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரியுங்கள். லகர, ளகர, ழகரப் பிழைகளை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். சிவப்புப் பேனா முதல் நாளே வந்தால், இரண்டாம் நாள் பிள்ளை வரமாட்டான்.

டுரியான் காலம் ஜூன், ஜூலையில் சூடுபிடிக்கும். முள்நாறி என்று நம்மவர் அதற்குப் பெயர் வைத்தார்கள். நாற்றம் என்ற சொல் பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்தது என்பதை அறிந்தால், அந்தப் பெயர் பாராட்டா, பழிப்பா என்று வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடத்தலாம். எழுத்து விளையாட்டு இன்னும் கடினம். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு சுளையைச் சாப்பிட்டுவிட்டு, 'இனிப்பு', 'மணம்', 'சுவை' என்ற மூன்று சொற்களும் இல்லாமல் ஐந்து வரி எழுத வேண்டும். முடியாதவர் விடுகதை கட்டலாம்: 'முள்ளுச் சட்டைக்காரன், யாரும் தள்ளாமலே குதிப்பான், ஒளித்து வைத்தாலும் ஊருக்கே தெரிவான். அவன் யார்?'

டுரியான் பூ மாலையில் மலர்கிறது. விடிவதற்குள் அதன் வேலை முடிந்துவிடுகிறது. அந்த இரவில் தேன் குடிக்க வரும் வௌவால்கள்தாம் மகரந்தத்தைப் பூவிலிருந்து பூவுக்குக் கொண்டு செல்கின்றன. பத்துமலை போன்ற சுண்ணாம்புக் குகைகளில் அவை தங்குகின்றன. குகைக்குள் தொல்லை மிகுந்தால் தோப்பில் காய் குறையும். பழம் விழும் நாளில் கூடை தூக்கிக்கொண்டு ஓடும் நாம் வௌவாலை நினைப்பதில்லை. வௌவால் அந்த மரத்துக்கு எழுதும் கடிதத்தை நீங்கள் எழுதுங்கள்: எவ்வளவு தூரம் பறந்து வந்தது, வழியில் எந்த விளக்கைக் கண்டு மிரண்டது, அடுத்த ஆண்டு வர முடியுமா என்பனவற்றை அது சொல்லட்டும். உறையில் இட்டு ஒட்டித் தம்பியிடம் கொடுங்கள். மரத்தின் பதிலை அவன் எழுதுவான்.