புது ஆன்டிவைரஸ் போட்டதும் வருமான வரி சைட் ஓப்பன் ஆகலையா? அதை அணைக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



2025 செப்டம்பர் 13, சனிக்கிழமை. எங்க ஊர் குன்றாண்டார்கோவிலுக்கு வந்திருந்தேன். கல்லைக் குடைந்த சிவன் கோயிலும், குதிரை பூட்டிய தேர் மாதிரி செதுக்கின மண்டபமும் இருக்கிற ஊர். சாயங்காலம் சித்தப்பா பையன் லேப்டாப்போட வந்து நின்னான். சென்னையில வேலை, வாரக் கடைசிக்கு ஊருக்கு வந்திருந்தான்.

"அண்ணே, ரிட்டர்ன் போட உட்கார்ந்தா ஒரு சைட்டும் திறக்கல. நேத்துதான் புது ஆன்டிவைரஸ் போட்டேன். எல்லாத்தையும் பிளாக் பண்ணுது. தூக்கிப் போட்டுரவா?"

கடைசி நாள் செப்டம்பர் 15, திங்கள்கிழமை. அவன் அவசரம் நியாயமானதுதான். ஆனா "தூக்கிப் போட்டுரவா"ன்னு கேட்டான் பாருங்க, அங்கதான் பலரும் மாட்டிக்கிறாங்க. அவனுக்கு உண்மையில நடந்தது என்ன, உங்களுக்கு இதே மாதிரி நடந்தா எந்த வரிசையில பார்க்கணும்னு இந்தப் பதிவுல சொல்றேன்.

தள்ளிப் போட்டா என்ன நஷ்டம்?

முதல்ல பணக் கணக்கு. கடைசி நாளுக்கு அப்புறம் ரிட்டர்ன் போட்டா, மொத்த வருமானம் 5 லட்சத்துக்கு மேல இருக்கிறவங்களுக்குத் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய். 5 லட்சம் வரைன்னா 1,000 ரூபாய். கட்ட வேண்டிய வரி பாக்கி இருந்தா மாதம் 1% வட்டி தனி. ஷேர் விற்றதில் நஷ்டம் இருந்தா அதை அடுத்த வருஷங்களுக்குக் கொண்டு போக முடியாது.

சம்பளக்காரங்க பலரும் கவனிக்காத இன்னொன்னு இருக்கு. தாமதமா போடுற ரிட்டர்ன்ல பழைய வரி முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது. என் தம்பி சென்னையில வாடகை கட்டுறான், 80சி முதலீடும் இருக்கு. கணக்குப் போட்டுப் பார்த்ததில் பழைய முறைதான் அவனுக்கு லாபம். அதனால ஒரு சைட் திறக்கலைங்கிறது அவனுக்கு வெறும் கம்ப்யூட்டர் பிரச்னை இல்லை.

மூணு சைட், மூணு திரை

"எது எது திறக்கல? ஒண்ணொண்ணா காட்டு" என்றேன். அவன் பார்வையில எல்லாமே "பிளாக்". ஆனா திரையில வந்த செய்தி மூணும் வேற வேற.

வருமான வரித் தளத்துக்கு: "உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று பிரவுசர் எச்சரிக்கை.

வங்கித் தளத்துக்கு: வங்கி வட்டிக்குச் சேர வேண்டிய கொஞ்சம் வரி பாக்கி இருந்ததால் அங்கே போயிருக்கான். "இந்தத் தளத்தை அணுக முடியவில்லை" என்று வந்தது.

மூணாவது, எஸ்எம்எஸ்ல வந்த ஒரு ரிஃபண்ட் லிங்க். அதுக்கு மட்டும் ஆன்டிவைரஸோட சொந்தச் சிவப்புப் பக்கம், அதன் பெயரோட வந்தது.

இதுதான் முதல் பாடம். தடுத்தது யாருன்னு செய்தியே சொல்லும். அதைப் படிக்காம மூடாதீங்க. ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க.

எந்த வரிசையில பார்க்கணும்?

1. போன்ல மொபைல் டேட்டா போட்டு அதே சைட்டைத் திறங்க. அங்கயும் வரலைன்னா கோளாறு பெரும்பாலும் சைட் பக்கம்தான். கடைசி நாட்கள்ல கூட்டம் அதிகம், கொஞ்ச நேரம் விட்டு முயற்சி பண்ணுங்க. போன்ல வந்து லேப்டாப்ல மட்டும் வரலைன்னா மேல படிங்க.

2. லேப்டாப்ல தேதி, நேரம் சரியா இருக்கான்னு பாருங்க. தேதி தப்பா இருந்தாலே பாதுகாப்பு எச்சரிக்கை வரும்.

3. ஆன்டிவைரஸை அப்டேட் பண்ணி, ஒரு முறை ரீஸ்டார்ட் பண்ணுங்க. தவறான தடை பெரிய நிறுவனங்களுக்கே நடந்திருக்கு. 2017 ஏப்ரல் 24 அன்று வெப்ரூட் ஆன்டிவைரஸ் ஃபேஸ்புக்கையே மோசடித் தளம்னு தடுத்தது. 2022 செப்டம்பர் 21 அன்று மால்வேர்பைட்ஸ் கூகுள், யூடியூப் தளங்களைத் தடுத்தது. அந்த மாதிரி பிழையைச் சரிசெய்வது அடுத்து வரும் அப்டேட்தான்.

4. ரெண்டு ஆன்டிவைரஸ் ஒண்ணா ஓடுதான்னு பாருங்க. விண்டோஸ் செக்யூரிட்டிக்குள்ள போனா எது ஓடுதுன்னு தெரியும். லேப்டாப் வாங்கும்போது கூடவே வந்த ட்ரையல் ஒண்ணு பல பேர்கிட்ட தூங்கிட்டு இருக்கும். பழையதை முறையா அன்இன்ஸ்டால் பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க.

5. விபிஎன் தானா ஆன் ஆகியிருக்கான்னு பாருங்க. இப்போ பல ஆன்டிவைரஸ் பேக்குல விபிஎன் சேர்ந்தே வருது. அது உங்களை வேற நாட்டுல இருந்து வர்ற மாதிரி காட்டினா, சில வங்கி, அரசுத் தளங்கள் உள்ளே விடாது.

6. வேற பிரவுசர், அல்லது இன்காக்னிட்டோ விண்டோ. சைட் திறந்து, லாகின் பட்டனோ பேமெண்ட் பக்கமோ மட்டும் வேலை செய்யலைன்னா, ஆன்டிவைரஸ் பிரவுசர்ல சேர்த்த எக்ஸ்டென்ஷன் காரணமா இருக்கலாம். அந்த ஒரு எக்ஸ்டென்ஷனை மட்டும் நிறுத்திப் பாருங்க.

அந்தப் பாதுகாப்பு எச்சரிக்கை ஏன் வருது?

நீங்க வரித் தளத்துக்குப் போகும்போது, உங்க பிரவுசருக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவுல எல்லாமே பூட்டின உறையில போகும். உள்ளே வைரஸ் இருக்கான்னு பார்க்க, பல ஆன்டிவைரஸ் அந்த உறையைப் பிரிச்சு, பார்த்து, தன் முத்திரையைப் போட்டு மறுபடி ஒட்டிக் கொடுக்கும். அந்த முத்திரையைப் பிரவுசர் அடையாளம் கண்டா சரி. காணலைன்னா "யாரோ நடுவுல பிரிச்சிருக்காங்க"ன்னு கத்தும். அது கத்தறது சரிதான்.

பிரவுசர்ல முகவரிக்கு இடது பக்கம் இருக்கிற குறியைத் தட்டி, சான்றிதழை யார் கொடுத்ததுன்னு பார்க்கலாம். அங்க உங்க ஆன்டிவைரஸ் பேரு இருந்தா விஷயம் இதுதான்.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பா மனசுல வைங்க. இந்த எச்சரிக்கை வரும்போது "பரவாயில்லை, தொடர்க"ன்னு போகவே கூடாது. சினிமா செய்தித் தளத்துக்கே வேண்டாம்னு சொல்வேன். பான், ஆதார், பாஸ்வேர்டு கொடுக்கிற இடத்துல சத்தியமா வேண்டாம்.

தம்பி லேப்டாப்ல என்ன நடந்தது?

பழைய ட்ரையலை எடுக்காமலேயே புதுசைப் போட்டிருக்கான், ரீஸ்டார்ட்டும் பண்ணலை. ரெண்டும் ஒரே உறையைப் பிரிக்கப் போட்டி போட்டுக்கிட்டு இருந்தது. பழையதை எடுத்து ரீஸ்டார்ட் பண்ணதும் வரித் தளம் திறந்தது. விபிஎன் சிங்கப்பூர்னு காட்டிக்கிட்டு இருந்தது, அதை நிறுத்தினதும் வங்கித் தளமும் வந்தது. மொத்தமே இருபது நிமிஷ வேலை.

"அண்ணே, அப்ப அந்த ரிஃபண்ட் லிங்க்கையும் ஓப்பன் பண்ணிருவோமா?"

"நீ இன்னும் ரிட்டர்னே போடலையேடா. ரிஃபண்ட் எங்கேருந்து வரும்?"

ஒரு நிமிஷம் அமைதி. அப்புறம்தான் அவனுக்கு உறைச்சது. லிங்க்குல வருமான வரிங்கிற வார்த்தை இருந்தது, ஆனா முகவரி முடியற இடம் வேற. மூணு தடையில ரெண்டு வெறும் குழப்பம். மூணாவது, ஆன்டிவைரஸ் தன் வேலையை ஒழுங்கா செஞ்ச இடம். கோபத்துல மொத்தமா அணைச்சிருந்தா, வரித் தளத்தோட சேர்ந்து அந்தக் கதவும் திறந்திருக்கும்.

நல்ல தளமா, போலியா? எப்படிப் பார்க்கிறது?

முகவரியை முடிவிலிருந்து படிங்க. வருமான வரித் தளம் "இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன்" என்று முடியும். நடுவுல எங்கயாவது "இன்கம்டாக்ஸ்" இருக்கிறதால ஒண்ணும் ஆகாது. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி "பேங்க் டாட் இன்" என்ற தனி முடிவைக் கொண்டு வந்திருக்கு. 2025 அக்டோபர் 31-க்குள்ள வங்கிகள் அதுக்கு மாறணும்னு உத்தரவு போட்டிருந்தது. அதனால உங்க வங்கி முகவரி மாறியிருந்தா உடனே பயப்பட வேண்டாம், முடிவைப் பாருங்க.

ரிஃபண்ட் நீங்க சரிபார்த்துக் கொடுத்த வங்கிக் கணக்குக்கு நேரா வரும். அதுக்காக வருமான வரித் துறை பின் நம்பரோ, பாஸ்வேர்டோ, கார்டு விவரமோ கேட்காது.

கடைசி வழி: ஒரு முகவரிக்கு மட்டும் அனுமதி

மேல சொன்ன எதுவும் பலிக்கலைன்னா, முகவரியை லிங்க்கிலிருந்து காப்பி பண்ணாம கையால டைப் பண்ணி, சரிதானான்னு பார்த்து, ஆன்டிவைரஸ் செட்டிங்ஸ்ல விதிவிலக்குப் பட்டியலில் அந்த ஒரு தளத்தை மட்டும் சேருங்க. வீட்டுக்கு ஒரு விருந்தாளி வர்றார்னா வாசலைத் திறப்போம், காம்பவுண்டையே இடிக்க மாட்டோம் இல்லையா? தவறான தடைன்னு அந்த நிறுவனத்துக்கும் தெரிவியுங்க.

இன்னும் ரெண்டு எச்சரிக்கை. ஆபீஸ் லேப்டாப்னா செட்டிங்ஸ்ல கையே வைக்காதீங்க, ஐடி டீமைக் கேளுங்க. அவசரத்துக்குப் பிரவுசிங் சென்டர் போய் லாகின் பண்றதும் வேண்டாம். தம்பி கீரனூர் போயிரலாம்னுதான் முதல்ல சொன்னான்.

ஏற்கெனவே போலி லிங்க்ல விவரம் கொடுத்துட்டீங்கன்னா வெட்கப்பட்டு நேரத்தை வீணாக்காதீங்க. உடனே வங்கிக்குச் சொல்லுங்க, 1930-க்குக் கூப்பிடுங்க.

ஞாயிற்றுக்கிழமை காலையில ரிட்டர்ன் போட்டு, ஆதார் ஓடிபி வெச்சு இ-வெரிஃபையும் முடிச்சோம். அதுக்கு 30 நாள் அவகாசம் இருக்கு, இருந்தாலும் கையோட முடிச்சிருங்க. 15-ம் தேதி ராத்திரி, கடைசி நாளை 16 வரைக்கும் ஒரு நாள் தள்ளி வெச்சாங்க. தம்பி அந்தச் செய்தியை எனக்கு அனுப்பி, "நாம முடிச்சாச்சுண்ணே"ன்னு எழுதியிருந்தான்.

அடுத்த வருஷம் நீங்களும் அப்படி அனுப்பணும். புது ஆன்டிவைரஸ் போடுறதா இருந்தா, கடைசி வாரத்துல போடாதீங்க. போட்டாச்சுன்னா, அன்னைக்கே வரித் தளம், வங்கித் தளம் ரெண்டையும் ஒரு தடவை திறந்து பார்த்துருங்க.