பில் கவுன்டரில் கேட்கக் கூசியவருக்கு

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துக்கொண்டே வந்தவன் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். பின்னால் நாலு பேர் கூடையோடு நிற்கிறார்கள், "பாயின்ட் எவ்வளவு இருக்கு, கழிச்சுக்கலாமா?" என்று கேட்க வாய் வரவில்லை, ஓசிக்கு அலைகிறோம் என்று நினைத்துவிடுவார்களோ என்று கூசியது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியே தள்ளிப்போட்டு, கடையில் சாமான் வாங்கி வாங்கிச் சேர்ந்திருந்த 640 பாயின்டும் காலாவதியாகிவிட்டது.

என் அம்மாவும் இப்படித்தான். அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு எல்லாம் மாதாமாதம் ஒரே கடையில் வாங்குவாள். பாயின்ட் ஏற்ற செல் நம்பர் கேட்டால் அப்பாவின் நம்பரைச் சொல்வாள். அப்பா போன பிறகு அந்த சிம்மை யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை. ஒரு தீபாவளிச் சமயம் நான் பாயின்டைக் கழிக்கச் சொன்னேன். ஓடிபி அந்த நம்பருக்குத்தான் போகும் என்றார்கள். "விடுடா, அது நம்ம காசா என்ன?" என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

நம்ம காசுதான். அன்று அவளுக்குச் சொல்லத் தெரியாததை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

நம் நாட்டுப் பெரிய கம்பெனிகள் 2018 ஏப்ரல் முதல் 'இன்ட் ஏஎஸ் 115' என்ற கணக்கு விதிப்படி கணக்கு எழுதுகின்றன. 1,000 ரூபாய்க்குச் சாமான் வாங்குகிறீர்கள், அதற்கு 10 ரூபாய் பெறுமான பாயின்ட் தருகிறார்கள் என்று வையுங்கள். அந்த 1,000 ரூபாயையும் அன்றைய விற்பனையாக எழுத முடியாது. சுமார் 990 ரூபாய்தான் சாமானுக்கு. மிச்சம் ஏறக்குறைய 10 ரூபாய் பாயின்டுக்காக நீங்கள் முன்கூட்டியே கொடுத்த பணம். கடை உங்களுக்குத் தரவேண்டிய பாக்கியாக அது ஏட்டில் நிற்கும். நீங்கள் பாயின்டைக் கழித்தாலோ, அது காலாவதியானாலோதான் கடையின் வருமானமாக மாறும். எத்தனை பாயின்ட் கடைசிவரை கழிக்கப்படாமலே போகும் என்று கம்பெனிகள் முன்பே மதிப்பிட்டும் வைக்கின்றன. உங்கள் கூச்சமும் என் அம்மாவின் கூச்சமும் அந்த மதிப்பீட்டுக்குள் இருக்கின்றன. இதைப் படித்த அன்று எனக்கு மனசு ஆறவில்லை.

கூசாமல் கேட்டவர்களும் உண்டு. கனடாவில் 'ஏர் மைல்ஸ்' என்ற பாயின்ட் திட்டம், ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட மைல்கள் 2016 டிசம்பர் 31 அன்று காலாவதியாகும் என்று அறிவித்திருந்தது. தேதி நெருங்க நெருங்க மக்கள் கொதித்தார்கள். அந்த டிசம்பரிலேயே கம்பெனி பின்வாங்கியது. நாள் கடந்துவிட்டது என்பதற்காக மட்டும் பாயின்டை அழிக்கக் கூடாது என்று ஒன்டாரியோ மாகாணம் சட்டமே போட்டது. அங்கே யாரும் அதை ஓசி என்று நினைக்கவில்லை.

இங்கே கடையின் விதிதான் விதி. அதனால் நாம்தான் கவனமாக இருக்க வேண்டும். முதலில், பாயின்ட் எந்த நம்பரில் ஏறுகிறது என்று பாருங்கள். வீட்டில் பெரியவர்களின் நம்பர் என்றால், அந்த சிம் உயிரோடு இருக்கும்போதே கடைக்குப் போய் மாற்றித் தரச் சொல்லுங்கள். காலாவதித் தேதி சொல்லும் எஸ்எம்எஸ், தள்ளுபடி விளம்பரங்களுக்கு நடுவே புதைந்துபோகும், அதை நம்பாதீர்கள். பில்லின் அடியில் பாயின்ட் இருப்பு அச்சாகியிருந்தால் அதைக் கிழித்து மளிகை லிஸ்ட்டோடு வையுங்கள்.

இன்னொன்று. பாயின்ட் போய்விடுமே என்ற பதற்றத்தில் வேண்டாத பீங்கான் செட்டை வாங்கிவிடாதீர்கள். 200 ரூபாயைக் காப்பாற்ற 1,500 ரூபாய் செலவாகும். எப்படியும் வாங்கப்போகிற துவரம்பருப்பிலும் எண்ணெயிலும் கழியுங்கள். பெரிய தொகையாகச் சேரட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம். கழிக்கக் கடை கேட்கும் குறைந்தபட்ச அளவைத் தொட்டதுமே கழித்துவிடுங்கள்.

அடுத்த முறை சாமானை மேஜையில் எடுத்து வைக்கும்போதே, முதல் பொருளை ஸ்கேன் செய்வதற்குள், "பாயின்டைக் கழிச்சிடுங்க" என்று சொல்லிவிடுங்கள். பில் முடிந்த பிறகு கேட்டால்தான் அதைத் திரும்பப் போட வேண்டியிருக்கும், வரிசையும் நிற்கும். போன 640 பாயின்டைப் பற்றியும் மேலாளரிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்