கண்ணாடி இழையில் ஒளி செல்லும் வழி
டாக்டர் நரிந்தர் சிங் கபானியின் ஆராய்ச்சி வாழ்வு

ஒளி நேர்கோட்டில் செல்லும் என்பது பள்ளிப் பாடத்தின் முதல் விதிகளுள் ஒன்று. டேராடூனில் தம் ஆசிரியர் இவ்விதியைக் கூறக் கேட்ட மாணவர் ஒருவர், அஃது எங்கும் பொருந்துமோ என ஐயுற்றார். அவரே நரிந்தர் சிங் கபானி. 1926-ஆம் ஆண்டு பஞ்சாபிலுள்ள மோகாவில் பிறந்த அவர், ஆக்ரா பல்கலைக் கழகத்தில் பட்டம் பெற்றபின், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹரால்டு ஹாப்கின்ஸ் என்ற ஒளியியல் அறிஞரிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார்.

ஆசிரியர் கூறிய விதி பொய்யன்று. ஒரே தன்மையுள்ள ஊடகத்தில் ஒளி நேராகவே செல்கிறது. ஆனால் கண்ணாடியினுள் செல்லும் கதிர் அதன் சுவரை மிகச் சாய்வாகத் தாக்குமாயின், வெளியேறாமல் முழுதும் உள்ளே திரும்பிவிடும். இதுவே முழு அகப் பிரதிபலிப்பு. சாதாரணக் கண்ணாடிக்கும் காற்றுக்கும் இடையே, சுவரின் செங்குத்துக் கோட்டிலிருந்து அளந்தால், ஏறத்தாழ 42 பாகைக்கு மேற்பட்ட கோணத்தில் இது நிகழும். இவ்வாறு பன்முறை திரும்பும் கதிர், இழை வளையும் வழியே சென்று மறுமுனையை அடைகிறது.

பல்லாயிரம் இழைகளை, இரு முனைகளிலும் ஒரே வரிசை அமையுமாறு கட்டினால், ஒவ்வோர் இழையும் உருவத்தின் ஒரு புள்ளியைச் சுமந்து செல்லும். 75 சென்டிமீட்டர் நீளமுள்ள அத்தகைய கற்றையின் வழியே உருவத்தைச் செலுத்திக் காட்டிய ஹாப்கின்ஸும் கபானியும், 1954 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் அதனை வெளியிட்டனர்.

எனினும் ஒரு குறை இருந்தது. இழைகள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் ஒளி கசிந்தது. ஒளிவிலகல் எண் குறைந்த பொருளால் இழைக்கு உறையிடுவதே அதற்குப் பரிகாரம் என்பதை நெதர்லாந்து அறிஞர் வான் ஹீல் அதே இதழில் உணர்த்தினார். 1956-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் லாரன்ஸ் கர்ட்டிஸ் என்ற மாணவர் கண்ணாடியுறை இட்ட இழையைச் செய்தார். மறு ஆண்டே மருத்துவர்கள் அதனைக் கொண்டு இரைப்பையின் உட்புறத்தைக் கண்டனர்.

அமெரிக்கா சென்ற கபானி, 1960-இல் எழுதிய கட்டுரையால் ‘இழை ஒளியியல்’ என்ற பெயரைப் பரவச் செய்தார். அவ்வாண்டே தொழிற்கூடமும் நிறுவினார். நூற்றுக்கு மேற்பட்ட காப்புரிமைகள் பெற்றார்.

செய்தித் தொடர்புக்கு இழை பயன்பட வேண்டுமாயின், 1 கிலோமீட்டர் தொலைவுக்குப் பின்னும் ஒளியில் நூற்றில் ஒரு பங்கேனும் எஞ்ச வேண்டும். கண்ணாடியின் மாசே இதற்குத் தடை என 1966-இல் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் விளக்கினர். 1970-இல் கார்னிங் நிறுவனத்தார் அவ்வளவினை எய்தினர். 2009-இல் காவோவுக்கு நோபெல் பரிசு கிட்டியது. கபானிக்கு அது கிட்டவில்லை. 2020 டிசம்பரில் அவர் மறைந்தார். மறு ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதளித்தது.

ஆசிரியர்கள் இவ்வுண்மையை வகுப்பிலேயே காட்டலாம். ஒளி ஊடுருவும் புட்டியின் அடிப்பக்கத்தில் சிறு துளையிட்டு நீர் நிரப்புக. அறையை இருட்டாக்கி, துளைக்கு எதிர்ப்புறமிருந்து டார்ச் விளக்கின் ஒளியைச் செலுத்துக. வளைந்து விழும் நீர்த்தாரையின் கீழ்க் கையை நீட்டினால், ஒளி உள்ளங்கையில் விழும். ‘அப்படியாயின் விதி தவறா?’ என்று மாணவர் வினவுவர். அவ்வினாவை அடக்கிவிடலாகாது; விதி எந்த வரம்புக்குள் உண்மை என்பதைக் கற்பிக்க ஏற்ற தருணம் அதுவே.