கண் மருத்துவர் கைபழகும் பொறி

சித்தையன்கோட்டை வட்டாரத்தில் முதியோரைக் கண் சிகிச்சை முகாமுக்கு அழைத்தால், "கை பழகும் டாக்டரிடம் என் கண்ணைக் கொடுப்பதா?" என்று சிலர் கேட்பதுண்டு. அவ்வச்சம் நியாயமானதே. உழப் பழகுபவனின் சால் கோணினால் மறுபடி உழலாம். கண்ணில் கை கோணினால் திருத்துவது எளிதன்று.

இதற்கெனவே மென்பொருளால் இயங்கும் பயிற்சிப் பொறி ஆக்கப்பட்டது. விமானிகள் தரையிலேயே மாதிரிப் பொறியில் அமர்ந்து பழகுவர். 1951இல் அமெரிக்காவில் விமானிப் பயிற்சி நிறுவனம் தொடங்கிய ஆல்பர்ட் யூல்ட்சி, தம் மகனுடன் 2010இல் 'ஹெல்ப்மீசீ' என்னும் அறநிறுவனத்தை அமைத்தார். கண்புரை அகற்றும் சிறுகீறல் சிகிச்சையை அதன் பொறி பயிற்றுகிறது. மும்பையிலும் அந்நிறுவனத்தின் பயிற்சி நிலையம் உண்டு.

உருப்பெருக்கி வழியே நோக்கும் மருத்துவருக்குக் கணினி வரைந்த கண் தெரிகிறது. கருவியை அழுத்தினால், மெய்யான கண் தரும் எதிர்ப்பை மென்பொருள் கணக்கிட்டுக் கைக்கு உணர்த்துகிறது. பிழை நேர்ந்தால் பதிவாகும், மீண்டும் தொடங்கலாம். இம்மென்பொருளை ஆக்கக் கணினி வல்லுநர் மட்டும் போதார்; நேரக்கூடிய பிழைகளைத் தேர்ந்த மருத்துவர் சொல்லித்தர வேண்டும்.

ஆயினும் இப்பொறி எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. பொறியில் பழகியவரும் பின்னர் மூத்த மருத்துவரின் மேற்பார்வையிலேயே மெய்யான சிகிச்சையைக் கற்கவேண்டும்.

ஆதலின் பஞ்சாயத்து உறுப்பினர்கள், சிகிச்சை செய்பவர் யார், மேற்பார்ப்பவர் யார் என்பதை முகாமில் தயங்காது கேட்டறிந்து ஊராருக்கு உரைக்க வேண்டுகிறோம். அச்சத்தால் நாள் கடத்தினால் புரை முற்றும். கேட்டுத் தெளிவோம், நம் முதியோரின் பார்வையைக் காப்போம்.