ஆங்கிலத் தொடரில் இடப்பொருள் வினையடை: பொருள் மயக்கமும் தமிழாக்கமும்

முன்னுரை

வினை நிகழும் இடம், நிலம், காலம் ஆகிய மூன்றையும் ஏழாம் வேற்றுமையின் பொருளாகத் தொல்காப்பியம் கூறும். தமிழில் பெயரின் பின் நிற்கும் அவ்வுருபின் பணியை ஆங்கிலத்தில் 'இன்', 'ஆன்', 'அட்' முதலிய முன்னிடைச்சொற்கள் பெயருக்கு முன் நின்று ஆற்றுகின்றன. இவற்றால் அமையும் தொடர் வினைக்கும் அடையாகலாம், பெயருக்கும் அடையாகலாம். இரண்டிற்கும் வடிவம் ஒன்றே. இவ்விரு நிலைகளையும் பிரித்தறியும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

பொருள் மயக்கம்

'தி இன்ஸ்பெக்டர் குவெஸ்சன்ட் தி வாட்ச்மேன் அட் தி பேங்க்' என்னும் தொடர் இருபொருள் தரும். 'அட் தி பேங்க்' என்பது வினையடையாயின், விசாரணை நடந்த இடம் வங்கி ஆகும். பெயரடையாயின், விசாரிக்கப்பட்டவர் வங்கியின் காவலாளி என்பது மட்டுமே பெறப்படும். விசாரணை வேறிடத்தில் நடந்திருக்கலாம்.

பிரித்தறியும் சோதனைகள்

முதலாவது, இடமாற்றம். இடத்தொடரைத் தொடரின் தொடக்கத்திற்குக் கொண்டுசென்றால் வினையடைப் பொருள் மட்டுமே எஞ்சும்.

இரண்டாவது, பதிலீடு. 'தி வாட்ச்மேன்' என்பதற்கு மட்டும் 'ஹிம்' என்னும் பதிலிப்பெயரை இட்டு, 'குவெஸ்சன்ட் ஹிம் அட் தி பேங்க்' என்றால் இடத்தொடர் வினையடையாகும். பெயரடையாயின் 'தி வாட்ச்மேன் அட் தி பேங்க்' முழுவதற்குமே 'ஹிம்' பதிலாக நிற்கும்.

மூன்றாவது, செயப்பாட்டு வினையாக்கம். 'தி வாட்ச்மேன் அட் தி பேங்க் வாஸ் குவெஸ்சன்ட்' என, இடத்தொடர் பெயரோடு சேர்ந்தே எழுவாயாகும்பொழுது அது பெயரடை. 'தி வாட்ச்மேன் வாஸ் குவெஸ்சன்ட் அட் தி பேங்க்' என, வினைக்குப்பின் தங்கும்பொழுது அது வினையடை.

தமிழாக்கம்

தமிழ் இவ்விரு பொருளையும் வடிவத்தாலேயே வேறுபடுத்துகிறது. 'ஆய்வாளர் காவலாளியை வங்கியில் விசாரித்தார்' என்பதில் 'வங்கியில்' வினையைத் தழுவும். 'வங்கியில்' என்பதைத் தொடரின் முதலில் வைப்பினும் அப்பொருள் மாறாது. பெயரைத் தழுவ வேண்டுமாயின் 'வங்கியில் உள்ள காவலாளியை' எனப் பெயரெச்சம் வேண்டும். அல்லது 'வங்கிக் காவலாளியை' எனத் தொகை வேண்டும். ஆகவே ஆங்கிலம் முடிவு செய்யாமல் விட்டதைத் தமிழாக்குவோர் முடிவு செய்தாக வேண்டும். சாட்சியம் போன்ற ஆவணங்களில் இத்தேர்வு விசாரணை நடந்த இடத்தையே மாற்றிவிடும்.

முடிவுரை

சோதனைகள் ஒரு தொடர் ஏற்கும் பொருள்களைக் காட்டும். அவற்றுள் கருதப்பட்டது எது என்பதைச் சூழலே காட்டும். சூழலும் உதவாவிடத்து, ஒரு பொருளை ஊகித்து எழுதாமல் இருபொருளையும் குறித்துக் காட்டுவதே நேர்மையான தமிழாக்கம் ஆகும்.