கைத்துப்பாக்கிக்கு எத்தனை தோட்டாக்கள் வேண்டும்?

உடையினுள் மறைத்து எடுத்துச் செல்லத்தக்க சிறிய கைத்துப்பாக்கியில் எத்தனை தோட்டாக்கள் இருத்தல் அவசியம் என்னும் கேள்வி, தற்காப்புக்காக ஆயுத உரிமம் பெற்றோரிடையே இயல்பாக எழுவதாகும். எண்ணிக்கை கூடுந்தோறும் பாதுகாப்பும் கூடும் என்பது பொதுவான நம்பிக்கை. இந்நம்பிக்கை எந்த அளவுக்குச் சரியானது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

2012ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி தில்லியில் ஓடும் பேருந்தில் ஓர் இளம்பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமை நாடெங்கும் அதிர்ச்சியை உண்டாக்கியது. அதன் பின்னர், 2014ஆம் ஆண்டில் கான்பூரிலுள்ள அரசுப் படைக்கலத் தொழிற்சாலை, பெண்களை முக்கியமாகக் கருதி ‘நிர்பீக்’ என்னும் ரிவால்வரை வெளியிட்டது. ‘அச்சமற்ற’ என்பது இப்பெயரின் பொருள். டைட்டானியம் கலந்த உலோகத்தாலான இதன் எடை சுமார் 500 கிராம். 0.32 அங்குலத் தோட்டாக்கள் ஆறு இதில் அடங்கும்.

ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் உருளையொன்றின் அறைகளில் வட்டமாக அமைகின்றன. அடுத்தடுத்த இரு அறைகளின் மையங்களுக்கு இடையே 12 மில்லிமீட்டர் தூரம் தேவை எனக் கொள்வோம். ஆறு அறைகளின் மையங்கள் ஓர் அறுகோணமாக அமைவதால், அவை வழியே செல்லும் வட்டத்தின் விட்டம் 24 மில்லிமீட்டர் ஆகும். ஐந்து அறைகளாயின் 20.4 மில்லிமீட்டர் போதும். ஒரு தோட்டாவைக் குறைத்தால் உருளையின் பருமன் ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர் குறைகிறது. உடைக்குள் மறைத்து வைப்பவருக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. 1950ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனி வெளியிட்ட சிறிய ரிவால்வர் ஐந்து அறைகளோடு அமைந்ததற்கு இதுவே காரணம்.

பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடியினுள் செருகப்படும் மாகஸினில் அடுக்கப்படுகின்றன. ஒற்றை வரிசையாயின் பிடி மெலிந்திருக்கும், கொள்ளளவு குறையும். இரட்டை வரிசையாயின் கொள்ளளவு பெருகும், பிடி பருக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட முறையில், ஏறக்குறைய ஓர் அங்குலப் பருமனுக்குள் பத்துத் தோட்டாக்களை அடக்கிய 9 மில்லிமீட்டர் பிஸ்டல் 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. (இந்தியாவில் 9 மில்லிமீட்டர் குழல் தடை செய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது.) ஆனால் அத்தோட்டா ஒன்றின் எடை சுமார் 12 கிராம், பத்துத் தோட்டாக்களுக்கு 120 கிராம் ஆகிறது. சுமை மிகுந்தால் ஆயுதம் நாளடைவில் வீட்டிலேயே தங்கிவிடும். அலமாரியில் கிடக்கும் துப்பாக்கியில் எத்தனை தோட்டாக்கள் இருந்தும் பயன் யாது?

இனி, எண்ணிக்கையின் பயனைக் கணக்கிடுவோம். ஒருவர் சுடும் மூன்று தோட்டாக்களில் சராசரியாக ஒன்று மட்டுமே குறியில் படும் எனக் கொள்வோம். ஆறு தோட்டாக்களில் ஒன்றேனும் படுவதற்குரிய வாய்ப்பு நூற்றுக்கு 91. பத்துத் தோட்டாக்களாயின் அது நூற்றுக்கு 98 ஆகிறது. மாறாக, தோட்டாக்களைக் கூட்டாமல் பயிற்சியால் திறமையைப் பெருக்கி, இரண்டில் ஒன்று குறியில் படுமாறு செய்துகொண்டால், ஆறு தோட்டாக்களைக் கொண்டே நூற்றுக்கு 98 என்னும் அதே வாய்ப்பைப் பெறலாம். அதாவது, பயிற்சி நான்கு தோட்டாக்களுக்கு ஈடாகிறது. அதற்கு எடையும் இல்லை, பருமனும் இல்லை.

வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. 1932ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் தேதி கல்கத்தாப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில், பீனா தாஸ் என்னும் மாணவி வங்காள கவர்னர் ஸ்டான்லி ஜாக்ஸனை நோக்கி ரிவால்வரால் ஐந்து முறை சுட்டார். கவர்னர் உயிர் தப்பினார். அருகிலிருந்து சுட்டபோதும் ஐந்து தோட்டாக்கள் குறியை எட்டவில்லை. இதற்கு மறுபுறமும் உண்டு. 1931ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் தேதி அலகாபாத் ஆல்பிரட் பூங்காவில் போலீஸாரால் சூழப்பட்ட சந்திரசேகர ஆசாத்தின் கையில் 0.32 அங்குல கோல்ட் பிஸ்டல் இருந்தது. பலரால் முற்றுகையிடப்பட்டவருக்கு ஒவ்வொரு தோட்டாவும் அருமையானதே. ஆயினும் அது போர்முனைக்கு ஒப்பான நிலை. சாதாரணக் குடிமகனின் தற்காப்புக்கு அதனை அளவுகோலாகக் கொள்ளுதல் பொருந்தாது.

குறி தவறிய தோட்டா எங்கே செல்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 6.3 கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு 220 மீட்டர் வேகத்தில் செல்லுமாயின், அதன் ஆற்றல் சுமார் 150 ஜூல். புதுதில்லி லக்ஷ்மிபாய் நகர் போன்று, அரசு ஊழியர் குடும்பங்கள் அடுத்தடுத்து வாழும் குடியிருப்பில் அக்குண்டு ஒரு சன்னலையோ, மாடிப்படியில் விளையாடும் குழந்தையையோ சென்றடையலாம். மூன்றில் ஒன்று மட்டுமே குறியில் படச் சுடுபவர் பத்துத் தோட்டாக்களையும் செலவிட்டால், ஆறு அல்லது ஏழு குண்டுகள் இவ்வாறு திசை தவறும். தற்காப்புக்குத் தேவையானதை விட மிகுந்த தீங்கு விளைவித்தலாகாது என்பது, 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் விதியுமாகும்.

ஆகவே, ஐந்து அல்லது ஆறு தோட்டாக்கள் கொள்ளும், எப்போதும் உடன் கொண்டு செல்லக்கூடிய ஆயுதமே சாதாரணத் தற்காப்புக்குப் போதுமானது எனலாம். அதற்கு மேல் வேண்டுவது தோட்டாவன்று. முறையான பயிற்சியும், சுடாமல் விலகிச் செல்ல வழியிருக்கும்போது விலகிவிடும் நிதானமுமே ஆகும்.